ராம் போட்டதும் படுத்துவிட்ட கணினி: ஒரு ரப்பர் துண்டின் பின்னால் உள்ள வரலாறு

2000களின் தொடக்கத்தில் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் கணினி நுழைந்தபோது, வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டிதான். பெரும்பாலும் 'அசெம்பிள்டு' வகை. உள்ளே விண்டோஸ் 98, 64 எம்பி ராம். பிள்ளையின் புராஜெக்ட், அப்பாவின் கணக்கு, கல்யாண போட்டோ எல்லாம் அதற்குள்தான்.

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. குறைந்தது 64 எம்பி வேண்டும், 128 எம்பி இருந்தால் நல்லது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதாவது, பழைய பெட்டிக்கு இன்னொரு ராம் வாங்கியே ஆக வேண்டும்!

ராம் வாங்கியாயிற்று. பெட்டியைத் திறந்து செருகியாயிற்று. பவர் பட்டனை அழுத்தினால்... திரை கறுப்பு. உள்ளேயிருந்து 'பீப்... பீப்...' என்று நீளமான சத்தம். புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய ராமை மட்டும் வைத்தாலும் அதே கதை.

இப்போது கடையிலிருந்து வருபவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். "மதர்போர்டு போயிருச்சு சார், மாத்தணும்" என்று சொல்வது ஒன்று. பேசாமல் பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரை வாங்கி, ராமின் அடியில் இருக்கும் பொன்னிறக் கோடுகளைத் தேய்த்துவிட்டுத் திரும்பச் செருகுவது இன்னொன்று. இரண்டாவது ஆள் வந்த பல வீடுகளில் கணினி எழுந்துவிட்டது. முதல் ஆள் வந்த வீட்டில் சில ஆயிரம் ரூபாய் செலவு, பல சமயம் பழைய பெட்டியே குப்பைக்கு.

பென்சில் அழிக்கும் ரப்பருக்கு அப்படி என்ன சக்தி? அதைத் தெரிந்துகொள்ள ராமின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஒவ்வொரு சிப்பாகச் செருகிய காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அடிப்படை நினைவகம் வெறும் 16 கேபி. மெகாபைட் அல்ல, கிலோபைட்! மதர்போர்டிலேயே 64 கேபி வரை கூட்டலாம். அதற்கு 9 சிப்புகளை ஒரு வரிசையாகக் கையால் செருக வேண்டும். 8 சிப்புகள் தகவலுக்கு, 9-ஆவது சிப் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க. ஒவ்வொரு சிப்புக்கும் 16 கால்கள். ஒரு கால் மடங்கினாலும் வேலை செய்யாது.

அதோடு முடியவில்லை. எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது. மதர்போர்டில் இருக்கும் குட்டி சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி நாம்தான் சொல்ல வேண்டும். நினைவகத்தில் கோளாறு என்றால் திரையில் 201 என்ற எண் வரும். அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு 201 என்பது மறக்க முடியாத எண்.

செருகிய சிப்புகள் அங்கேயே இருக்கவும் மாட்டா. கணினி ஓடும்போது சூடாகி விரிகிறது, அணைத்தால் குளிர்ந்து சுருங்குகிறது. தினமும் இப்படி விரிந்து சுருங்கி, சிப் மெல்ல மெல்ல மேலே எழும்பிவிடும். 1980-இல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் 3 கணினி இதற்குப் பேர் போனது. சிப்புகள் தளர்ந்து கணினி அடிக்கடி நின்றது. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேஜையில் 'தொப்'பென்று போடுங்கள், சிப்புகள் உட்கார்ந்துவிடும் என்பதுதான் ஆப்பிள் தரப்பே வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன வைத்தியம்! முதலில் விற்ற சுமார் 14,000 கணினிகளை அந்த நிறுவனம் மாற்றித் தர வேண்டி வந்தது.

ஓடாத டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டும் நம்மூர் வைத்தியத்தை இனி யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

ஈயமும் தங்கமும்

1983-இல் அமெரிக்காவின் வாங் லேபரட்டரீஸ் ஒரு நல்ல யோசனை செய்தது. 9 சிப்புகளையும் ஒரு சின்னப் பலகையில் பற்றவைத்து, பலகையின் ஓரத்தையே இணைப்பாக மாற்றியது. இதன் பெயர் சிம் (செல்போன் சிம் வேறு, இது வேறு). இனி 9 சிப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு பலகையைச் செருகினால் போதும். இன்றைய ராம் வரை இந்த உருவம்தான் தொடர்கிறது.

பலகையின் ஓரத்தில் இருப்பவை செம்புக் கோடுகள். வெறும் செம்பு காற்று பட்டால் கறுத்துவிடும். எனவே மேலே வேறு உலோகம் பூச வேண்டும். தங்கம் பூசலாம், விலை அதிகம். வெள்ளீயம் பூசலாம், மலிவு. 1990களில் 72 பின் சிம்கள் இரண்டு விதமாகவும் வந்தன. அவற்றைத் தாங்கும் சாக்கெட்டுகளும் இரண்டு விதமாக வந்தன.

செட்டிநாட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். கல்யாணச் சீரில் வந்த பித்தளைப் பாத்திரம் இல்லாத வீடு அங்கே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அவை அடுக்கிக் கிடக்கின்றன. அந்தப் பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே ஈயம் பூசுவார்கள். பெயர்தான் ஈயம், உண்மையில் பூசுவது வெள்ளீயம். அந்தப் பூச்சு கரண்டி பட்டுப்பட்டுத் தேயும், திரும்பப் பூச வேண்டும். கணினிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுவே.

வெள்ளீயத்தின் மேல் காற்று பட்டதும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அது மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் ராமை அழுத்திச் செருகும்போது அந்தப் படலம் நொறுங்கி, உலோகத்தோடு உலோகம் நேராகத் தொட்டுக்கொள்ளும். இதுவரை சரி. பிறகு தினமும் சூடாகிக் குளிர்வதால், தொடும் இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னும் பின்னும் உரசுகிறது. ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளிப்பட்டு, அதுவும் ஆக்சைடு ஆகி, பொடியாகச் சேருகிறது. சில மாதங்களிலோ வருடங்களிலோ அந்தப் பொடி மின்சாரத்தின் வழியை அடைத்துவிடும். இதற்கு உரசல் அரிப்பு என்று பெயர்.

தங்கம் பூசிய சாக்கெட்டில் வெள்ளீயம் பூசிய ராமைச் செருகினால் இன்னும் மோசம். மென்மையான வெள்ளீயம் உரசித் தங்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், அங்கே ஆக்சைடு ஆகும். அடியில் இருப்பது கடினமான பரப்பு என்பதால் அந்தப் படலம் எளிதில் உடையாது. உயர்ந்த உலோகத்தோடு சேர்ந்தால் நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது. கனெக்டர் தயாரிப்பில் பெயர் பெற்ற ஏஎம்பி என்ற நிறுவனம், தங்கத்துக்கு ஒன்று, வெள்ளீயத்துக்கு ஒன்று என இரண்டு வழிகாட்டிகளையே வெளியிட்டது. இரண்டு உலோகத்தையும் கலக்காதே என்பது அதில் முக்கியமான விதி.

பழைய ராமும் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. பல வருடம் அசையாமல் இருந்ததை, புதியதைப் போடுவதற்காகக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இணைப்பும் கலைந்து, தூசியும் அழுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. ராமின் உயிர் போகவில்லை, வாசலில் குப்பை சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் அந்த வாசலைத் துடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தத் தங்கப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கவரிங் நகையைப் புளி போட்டு அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். ரப்பரால் பலமுறை அழுத்தித் தேய்த்தால் தங்கம் போய் அடியில் இருக்கும் நிக்கல் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பதே முறையான வழி. அது இல்லாதபோது ரப்பரால் மெதுவாக ஒருமுறை, அதுவும் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி.

இந்த ஆராய்ச்சிக்கே ஒரு ஊர்

உலோகம் ஏன் அரிக்கிறது, ஒன்றின் மேல் இன்னொன்றை எப்படிப் பூசுவது என்பதையே முழுநேர வேலையாகச் செய்யும் தேசிய நிறுவனம் இருப்பது காரைக்குடியில்தான்! மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர் மக்கள் வாயில் 'சிக்ரி'.

கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அன்றைய 15 லட்சம் என்பது சாதாரணத் தொகை அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்முலாம், பேட்டரி, அரிப்புத் தடுப்பு ஆகியவை இங்கே நடக்கும் முக்கிய ஆய்வுகள். மண்டபத்தில் கடலோரமாக இந்த நிலையத்துக்கு ஒரு ஆய்வுக்கூடம் உண்டு. உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் வைத்து, எவ்வளவு வேகமாக அரிக்கின்றன என்று அங்கே அளக்கிறார்கள். பாம்பன் பாலத்துக்கு என்ன பகையோ, வீட்டுக் கணினியின் ராமுக்கும் அதே வகைப் பகைதான். அளவுதான் வேறு.

ஜோடி சேராத கதை

துடைத்தும் எழவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பொருத்தம்.

30 பின் சிம் ஒரே நேரத்தில் 8 பிட்டுகளைக் கொடுக்கும். 486 கணினி 32 பிட் கேட்கும். எனவே நான்கு சிம்களைச் சேர்த்துப் போட வேண்டும். பிறகு வந்த 72 பின் சிம் 32 பிட் கொடுத்தது, ஆனால் பென்டியம் 64 பிட் கேட்டது. ஆக, இரண்டு இரண்டாக வாங்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்கி வந்தவர் வீட்டில் பென்டியம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 168 பின் டிம் வந்த பிறகே ஒற்றை ராம் போதும் என்ற நிலை வந்தது.

அதற்குப் பிறகு தலைமுறை மாற்றம். எஸ்டிராம் 168 பின், 3.3 வோல்ட். டிடிஆர் 184 பின், 2.5 வோல்ட். டிடிஆர்2 240 பின், 1.8 வோல்ட். டிடிஆர்3-க்கும் 240 பின்தான், ஆனால் 1.5 வோல்ட். மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் நடுவில் வெட்டிய பள்ளத்தின் இடத்தை ஒவ்வொன்றிலும் மாற்றி வைத்தார்கள். பள்ளம் பொருந்தாமல் பலத்தைக் காட்டி அழுத்தினால்தான் மதர்போர்டு உண்மையிலேயே போகும்.

இன்னொரு கண்ணி மின்சாரத்தில் இருந்தது. பழைய ஏடி வகைப் பெட்டியில் சுவிட்சை அணைத்தால் முழுவதும் அணைந்துவிடும். 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் வகையில் அப்படி இல்லை. கணினி அணைந்திருந்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை உள்ளே 5 வோல்ட் காத்திருக்கும். பழைய பழக்கத்தில் பிளக்கைப் பிடுங்காமல் ராமைக் கழற்றினால், ராம் சேதமாக வாய்ப்பு உண்டு.

பெரிய நிறுவனமே தடுமாறியது

எல்லாம் பொருந்தியும் சில கணினிகள் முரண்டு பிடித்தன. காரணம் சிப்செட்.

1997-இல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் 256 எம்பி ராம் வரை ஏற்கும். ஆனால் முதல் 64 எம்பிக்கு மட்டுமே கேஷ் உதவி உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டும் நினைவகத்தை உச்சியிலிருந்து பயன்படுத்தத் தொடங்கும். எனவே 64-க்கு மேல் கூட்டியவர்கள் பலருக்குக் கணினி முன்பைவிட மெதுவாகிவிட்டது. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்!

1998-இன் புகழ்பெற்ற 440பிஎக்ஸ் பலகைகளில் இன்னொரு வேடிக்கை. 8 சிப் மட்டும் உள்ள புதுவகை 256 எம்பி ராமைப் போட்டால் 128 எம்பி என்று காட்டும். ஒவ்வொரு சிப்பும் அந்தச் சிப்செட்டுக்குப் புரியாத அளவு பெரியது. அதே 256 எம்பியை 16 சிப்புகளில் வாங்கினால் முழுதாகக் காட்டும். "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டைக்குப் போனவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

சாதாரண மக்கள் மட்டுமா தடுமாறினார்கள்? 1999-இல் இன்டெல் தன் 820 சிப்செட்டை ராம்பஸ் என்ற புதுவகை நினைவகத்துக்காகவே உருவாக்கியது. ராம்பஸ் விலையோ மிக அதிகம். எனவே மலிவான எஸ்டிராமையும் அதில் ஓட்டுவதற்காக நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு சிப்பை வைத்தது. அந்தச் சிப்பில் குறை இருந்தது, கணினிகள் திடீரென்று நின்றன. 2000 மே மாதம் இன்டெல் குறையை ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய 10 லட்சம் மதர்போர்டுகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. பழையதையும் புதியதையும் ஒட்டவைக்கும் இடத்தில் உலகின் மிகப் பெரிய சிப் நிறுவனமே சறுக்கியது.

மென்பொருளும் தன் பங்கைச் செய்தது. விண்டோஸ் 98-இல் 512 எம்பிக்கு மேல் ராம் போட்டால் "நினைவகம் போதவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். கூடுதலாகக் கொடுத்தால் போதவில்லை என்கிறது! கோப்புகளுக்கான தற்காலிகச் சேமிப்பு, கிடைத்த இடத்துக்கு ஏற்பத் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு, மற்ற வேலைக்கு முகவரி இல்லாமல் செய்துவிடுவதே காரணம். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் ஒரு வரி சேர்த்து அதற்கு வரம்பு வைத்தால் சரியாகிவிடும். பின்னாளில் 32 பிட் எக்ஸ்பியில் 4 ஜிபி போட்டவர்களுக்கு 3 ஜிபி சொச்சம் மட்டுமே தெரிந்ததும் முகவரித் தட்டுப்பாடுதான்.

மக்கள் ஏன் கலந்து போட்டார்கள்?

ஒரே நாளில், ஒரே மாதிரியாக, மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தால் இவற்றில் பாதிப் பிரச்சினை வந்திராது. ஆனால் ராம் என்பது பலசரக்கு போல விலை ஏறி இறங்கும் பண்டம். 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து நடந்தது. சிப்புகளை மூடும் எபாக்சி ரெசினுக்கு உலகமே பெருமளவு அந்த ஆலையைத்தான் நம்பியிருந்தது. ராம் விலை எகிறியது. 1995-இல் ஒரு மெகாபைட் சுமார் 30 டாலர், 1996 முடிவதற்குள் 10 டாலருக்கும் கீழே. 1999 செப்டம்பர் 21 தைவான் நிலநடுக்கத்தில் ஆலைகள் நின்றதும் மறுபடி ஏற்றம்.

எல்லா ஏற்றமும் இயற்கையாக வந்ததும் அல்ல. 1999 முதல் 2002 வரை சில ராம் தயாரிப்பாளர்கள் கூடிப் பேசி விலை வைத்ததாக அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட இன்ஃபினியான் 2004-இல் 16 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 2005-இல் 18.5 கோடி டாலரும், சாம்சங் அதே ஆண்டில் 30 கோடி டாலரும் அபராதம் கட்டின. எக்ஸ்பிக்காகக் காரைக்குடியில் ராம் வாங்கிய காலமும் இதே காலம்தான். இந்த விலைகளைப் பார்த்துத்தான் மக்கள் இன்று ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று, கிடைத்தால் ரிட்சி தெருவில் பழையது ஒன்று என்று வாங்கினார்கள். கலப்படம் பிறந்தது அந்தச் சிக்கனத்தில்தான்.

வரலாறு சொல்லும் வரிசை

இத்தனை கதைகளிலும் சிப் உண்மையிலேயே செத்தது எத்தனை முறை? மிகக் குறைவு. எனவே பழைய கணினி படுத்துவிட்டால் பார்க்க வேண்டிய வரிசையும் வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது.

1. பிளக்கை முழுவதும் பிடுங்கி, இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வைக்கவும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் நமக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும்.
2. புதிய ராமை எடுத்துவிட்டுப் பழையதைத் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று விழும்வரை செருகவும்.
3. அது ஓடினால் புதியதை மட்டும் தனியாக, பிறகு வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்கவும்.
4. பாதி அளவு காட்டினால், மெதுவாக ஓடினால், மதர்போர்டின் கையேட்டில் சிப்செட்டின் வரம்பைப் பார்க்கவும்.
5. விண்டோஸ் மட்டும் நின்றால் மென்பொருள் வரம்பைப் பார்க்கவும்.
6. இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஓடவிடவும். அதில் பிழை வந்தால் ராம் போய்விட்டது என்று நம்பலாம்.

மதர்போர்டைக் குற்றம் சொல்வது 7-ஆவது இடத்தில்தான் வர வேண்டும். பல வீடுகளில் அது முதல் இடத்தில் வந்தது.

அப்படித் தூக்கிப்போட்ட ராம்கள் எங்கே போகின்றன? தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் அமிலத் தொட்டிக்குள் போகின்றன. ஒரு மைக்ரான்கூட இல்லாத அந்தத் தங்கத்தைப் பிரித்தெடுக்க, கையுறைகூட இல்லாமல் ஆட்கள் அமிலப் புகைக்குள் நிற்கிறார்கள். மின்னணுக் கழிவுக்காக 2011-இல் விதிகள் வந்தன, பிறகு திருத்தப்பட்டன. ஆனாலும் அந்தத் தொழில் முழுவதும் நின்றுவிடவில்லை.

ஒரு ராமைத் துடைத்துத் திரும்பச் செருக இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் விட்டால் வீட்டுக்காரருக்குச் சில ஆயிரம் நஷ்டம், எங்கோ ஒருவருக்கு நுரையீரலே நஷ்டம். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறியது என்று செட்டிநாட்டு ஆச்சிகள் அதைத் தூக்கிப்போடவில்லை. தேய்த்து, ஈயம் பூசி, பேத்திக்குச் சீராகக் கொடுத்தார்கள். கணினிக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.